நூறா, நாற்பத்தி நாலா?

'வால்வு' என்றதும் உங்களுக்கு ரேடியோ ஞாபகம் வந்தால், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இதயம் ஞாபகம் வந்தால், செக்கப்புக்கு நேரமாகிவிட்டது. கிட்டார் ஞாபகம் வந்தால், நீங்கள் என் மைத்துனன்.

மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறான். முகூர்த்த நாட்களில் கல்யாண ரிசப்ஷன், மற்ற நாட்களில் வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு கிளாஸ். இருந்த சேமிப்பைத் துடைத்து, செகண்ட் ஹாண்டில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கினான். பின்பக்கம் எட்டிப் பார்த்தால் கண்ணாடிக் குப்பிகள் மங்கலான ஆரஞ்சு நிறத்தில் எரியும். கார்த்திகை தீபம் மாதிரி அழகு!

சிக்கல், சத்தத்தில். வால்யூமை மூன்றுக்கு மேல் திருகினால் கரகர. மெலடி பாட்டுக்கு நடுவே வரும் கிட்டார் பிட் இழைத்த சந்தனம் மாதிரி வர வேண்டாமா? ரம்பம் போட்டது. குழுத் தலைவர் ரெண்டு கச்சேரி பொறுத்துப் பார்த்தார். "அடுத்த முகூர்த்தத்துக்குள்ள சரி பண்ணுப்பா. இல்லேன்னா விட்டுடு, கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு இருக்கு" என்றாராம். அந்தக் கடைசி வாக்கியம்தான் அவனைத் தூங்கவிடவில்லை.

அவனாகக் கண்டுபிடித்த மருந்து, முல்லார்டு. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் அறுபதுகளில் செய்து, டப்பா பிரிக்காமல் கிடக்கும் பழைய சரக்கு. குப்பி ஒன்று 14,000 ரூபாய். "அதைப் போட்டா தேன் மாதிரி இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க அத்தான்" என்றான். பணத்தை என்னிடம் கேட்டதால், விஷயத்தைக் குடையும் உரிமை எனக்கு வந்துவிட்டது. பி.காம். படித்தவனிடம் கடன் கேட்டால் வவுச்சர் கேட்காமல் விடுவானா?

குடைந்ததில் தெரிந்தது இது. கிட்டார் ஆம்புக்குள் ரெண்டு பகுதி. கம்பி அதிர்வில் பிறக்கும் துளியூண்டு மின்சாரத்தை வளர்த்துக் கொடுப்பது ப்ரீஆம்ப். வளர்ந்ததை வாங்கி ஸ்பீக்கரை உதைப்பது பவர் ஆம்ப். குரலின் குணம் பெருமளவு முதல் பாதியிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே உட்கார்ந்திருப்பது சுண்டுவிரல் நீளக் குப்பி. ஒன்பது கால்கள். பெயர் 12ஏஎக்ஸ்7. ஐரோப்பாவில் இதையே இசிசி83 என்பார்கள். 1947-ல் ஆர்.சி.ஏ. கம்பெனி இதை வெளியிட்டது. அதே வருஷம் டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. எமனும் ஆளும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ரேடியோ, டி.வி. எல்லாவற்றிலிருந்தும் வால்வைத் துரத்திய எமனால், கிட்டார் ஆம்பில் மட்டும் முழுசாக நுழைய முடியவில்லை.

காரணம் வேடிக்கையானது. குப்பிக்குள் சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் எதிரே இருக்கும் தகட்டுக்கு ஓடுகின்றன. நடுவில் ஒரு கம்பி வலை. வலையில் சின்ன மாற்றம் கொடுத்தால் ஓட்டத்தில் பெரிய மாற்றம், தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரி. 12ஏஎக்ஸ்7-ன் பெருக்கும் அளவு 100. தாங்குவதற்கு மேல் கொடுத்தால் ஒலி அலையின் உச்சி மழுங்கிப்போகும். ரேடியோ என்ஜினீயருக்கு அது கோளாறு. கிட்டார்காரருக்கு அதுதான் பிழைப்பு! மழுங்கல் எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்பதில்தான் ஆளாளுக்கு ருசி.

இங்கேதான் மைத்துனன் கவனிக்காத ஒன்று இருந்தது. அதே ஒன்பது கால், அதே சாக்கெட்டில் உட்காரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் பலர் உண்டு. 5751 என்பதன் அளவு 70. 12ஏடி7-க்கு 60. 12ஏஒய்7 என்று ஒன்று, வெறும் 44. அண்ணன் சீக்கிரம் கத்துவான், தம்பி நிதானி.

இதற்குச் சரித்திர சாட்சியே இருக்கிறது. அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி ஐம்பதுகளின் கடைசியில் 'பாஸ்மேன்' என்று ஒரு ஆம்ப் செய்தது. அதன் முதல் குப்பி 12ஏஒய்7. 1962-ல் லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் கூட்டாளிகளும் அதே சர்க்யூட்டை கிட்டத்தட்ட அப்படியே பார்த்துச் செய்தார்கள். முதல் இடத்தில் இசிசி83 போட்டார்கள். ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் வேறு என்பதும் உண்மை. ஆனாலும், முதல் வாசலிலேயே 44 இருந்த இடத்தில் 100. சீக்கிரமே உறுமுகிற அந்தப் பெட்டியிலிருந்து ராக் இசைக்கு ஒரு புதுக் குரல் கிடைத்தது.

அப்படியானால் முல்லார்டு என்ற பெயருக்கு மதிப்பில்லையா? உண்டு. எங்கள் பாடத்தில் அதற்கு 'குட்வில்' என்று பெயர், பேலன்ஸ் ஷீட்டில் கண்ணுக்குத் தெரியாத சொத்து. இன்றைக்கு முல்லார்டு, டங்சால், சோவ்டெக் என்று தனித்தனிப் பெயரில் வரும் புதுக் குப்பிகள் ரஷ்யாவின் சரடோவில் ஒரே ஆலையில் தயாராகின்றன. உள் அமைப்பில் சில வித்தியாசங்கள் உண்டு, ஆனால் பிளாக்பர்னுக்கும் இவற்றுக்கும் பெயர் மட்டும்தான் உறவு. உக்ரைன் போரை ஒட்டி 2022 மார்ச்சில் ஏற்றுமதி கொஞ்ச நாள் தடைப்பட்டபோது உலகமெங்கும் கிட்டார்காரர்கள் குப்பிகளை வாங்கிப் பதுக்கினார்கள். விலை ஏறியது. நம்ம ஊர் வெங்காயக் கதைதான்.

பேச்சு போதும், பரீட்சை வைத்துவிடலாம் என்றேன். நண்பர் ஒருவரிடம் நிஜமான பழைய முல்லார்டை ஒரு சாயங்காலத்துக்கு இரவல் வாங்கி வந்தான், கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல. ஆம்பை அணைத்து, குப்பி ஆறும்வரை காத்திருந்து, இன்புட் பக்கத்துச் சாக்கெட்டில் நேராக அழுத்த வேண்டும். பெட்டியின் அடிப்பகுதியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம்.

நீதிபதி, அவன் அக்கா. சமையலறையில் இருந்தபடியே கேட்க வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் சத்தத்தை ஒரே அளவுக்குத் திருகிவைத்தோம். கூடுதல் சத்தம் எதுவானாலும் காதுக்கு 'நல்லதா' தெரியும் என்பதால் இது முக்கியம். ஆம்பில் இருந்த 12ஏஎக்ஸ்7-க்கும் முல்லார்டுக்கும் இடையே ஆறு முறை மாற்றினோம். அவள் சரியாகச் சொன்னது மூன்று. காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு கிடைத்திருக்கும். மைத்துனன் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்குக் காதுல கேக்கலை, எனக்கு விரல்ல தெரியுது அத்தான்" என்றான். வாசிக்கிறவன் விரலை நான் எப்படி மறுப்பது?

அப்புறம் 2,400 ரூபாய்க்கு வாங்கிய 12ஏஒய்7-ஐச் சொருகினோம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கரண்டியோடு ஹாலுக்கே வந்துவிட்டாள். "இப்ப என்னடா பண்ணே? ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேக்குது!"

அவன் வால்யூமை ஐந்து வரை ஏற்றினான். மெல்ல மீட்டினால் சுத்தம், அழுத்தி மீட்டினால் மட்டும் லேசான கரகரப்பு. விட்டுவிட்டு, விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வாசித்துக்கொண்டே இருந்தான். குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்தது.

முகூர்த்தம் வந்தது. ரிசப்ஷனில் நானும் இருந்தேன். கிட்டார் பிட் வந்தபோது குழுத் தலைவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை, கீபோர்டுகாரரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். கழற்றிய பழைய குப்பி, பஞ்சில் சுற்றி இவன் சட்டைப்பையில் இருந்தது. மேடையில் எது எப்போது புட்டுக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

போன வாரம் மறுபடி போன். இரண்டாவது சாக்கெட்டிலும் ஒரு மாற்றம் செய்து பார்க்க வேண்டுமாம். "100 வேணாம் அத்தான், 70 போதும்" என்றான். ஒரு விநாடி, விலையைச் சொல்கிறானோ என்று சந்தோஷப்பட்டேன்.