நீல அட்டை

2019ஆம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் வியட்நாம் சென்றிருந்தேன். ஹனோயில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கித் தெற்கே ஹோசிமின் நகரில் விற்றுவிடுவது அயல்நாட்டுப் பயணிகளின் வழக்கம். நானும் வாங்கினேன். விற்றவர் நீலநிறப் பதிவட்டையைக் கையளித்தார். அதிலிருந்த பெயர் அவருடையதன்று, அவருக்கு விற்றவருடையதுமன்று. முதல் உரிமையாளர் யாரோ! நம் மலேசியாவில் கிராண்டில் பெயர் மாறினாலன்றி வண்டி நமதாகாது. (2023 ஆகஸ்டு முதல் அங்கு எண்பலகை வண்டியோடு போவதில்லை, உரிமையாளரிடமே நின்றுவிடுகிறது.)

பிறப்புப் பத்திரத்தில் ஓரெழுத்துப் பிழையிருப்பினும் பெற்றோரைத் திருப்பியனுப்பும் தலைமையாசிரியன் நான். வழிநெடுகக் காவலரைக் காணுந்தோறும் உள்ளங்கை வியர்த்தது.

ஹோசிமின் நகரில் வாங்க வந்த இளைஞர், "பத்திரமெல்லாம் சரிதானா?" என்று வினவினார். அட்டையை நீட்டி, பெயர் என்னுடையதன்று எனச் சொல்லிவிட்டேன். பாதி விலைக்குக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.