பாஜ்ரி என்றால் நம் கம்புதான்

மும்பையில் சயான் ரயில் நிலையத்தில் இறங்கித் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைக்குள் மாலை ஆறு மணிக்கு நீங்கள் நடந்து வந்தால், வடாபாவ் பொரிக்கும் எண்ணெயின் வாசனையே உங்களை முதலில் வரவேற்கும். வேலை முடிந்து திரும்பும் தகப்பன்மார் பிள்ளைகளுக்கென்று நாலைந்து வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போவார்கள். நானும் வாங்கிப் போனவன்தான். ஆயினும் அந்தக் கடையைத் தாண்டி உங்களைச் சந்தைக்குள் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அதற்குக் காரணம் ஒரு சிறுபெண்.

2022-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறு ஆராதனையின் நடுவே, ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஒரு மகள் மயங்கி விழுந்தாள். அவள் உபவாசம் இருந்திருப்பாள் என்று எண்ணி, இந்த வயதிலே இத்தனை வாஞ்சையா என்று அவளுடைய தாயாரிடம் மெச்சிப் பேசினேன். அந்தச் சகோதரி பதில் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார். மறுநாள் இரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது என்றார் மருத்துவர். மாதக் கடைசியில் தம்பிமார் இருவருக்கும் சோறு போதவேண்டுமென்று அந்தப் பிள்ளை தன் பங்கைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எத்தனை முறை நான் பிஸ்கட்டும் தேநீரும் அருந்தியிருக்கிறேன்! என் மெச்சுதலை நினைக்க இன்றும் வெட்கமாயிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டு. அந்த எண்ணுக்குள் நம் வீட்டுப் பிள்ளைகளும் அடக்கம்.

என் மனைவியும் அந்தச் சகோதரியும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள். கணக்கு எழுத எழுதத்தான் உண்மை தெரிந்தது. இன்றைய விலையில் ஒரு வடாபாவ் 15 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், நாளுக்கு நான்கு வாங்கினால் மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. அதோடு, ஊர்ச் சாப்பாடுதான் வேண்டும் என்ற பிடிவாதத்தால் பொன்னி அரிசி, மாட்டுங்காவிலிருந்து முருங்கைக்காய், பாக்கெட் மசாலா. பணம் இல்லை என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் இருந்தது. பருப்புக்கும் கீரைக்கும் வருமுன்னே அது தீர்ந்துபோனது.

குடும்ப அட்டையோ திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் பாட்டியின் பெட்டியில் கிடந்தது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. உங்களுடையது முன்னுரிமைக் குடும்ப அட்டையானால், ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியத்தை மும்பை ரேஷன் கடையிலேயே விரல்ரேகை வைத்துப் பெறலாம். 2023 ஜனவரி முதல் அது இலவசம். ஒரு பகுதியை ஊரில் இருப்போரும் மற்றதை நீங்களும் வாங்கலாம். ஆனால் ஊரில் முழுவதையும் வாங்கிவிட்டால் இங்கே ஒன்றும் மிஞ்சாது. இதனால் அண்ணன் தம்பி வீடுகளுக்குள் மனக்கசப்பு வருவதைக் கண்டிருக்கிறேன். முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிடுங்கள்.

இனி சந்தைக்குள் வாருங்கள். இங்கே நம் சகோதரிகளைத் தடுப்பது விலையைவிட மொழியே என்பது என் எண்ணம். மூட்டையில் குவிந்திருக்கும் பாஜ்ரி என்பது நம் கம்பு. நாச்சணி என்பது கேழ்வரகு. ஜ்வாரி என்பது சோளம். குளித் என்றால், நெல்லைச் சீமையில் நாம் காணம் என்று சொல்லும் கொள்ளு. சவளி தட்டைப்பயறு, மட்கி நரிப்பயறு. நம் பாட்டிமார் உண்டு உழைத்த அதே ஆகாரம் இங்கே வேறு பெயரில் காத்திருக்க, நாம் அதை மராட்டியர் சாப்பாடு என்று கடந்துபோகிறோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தால் அதிகம். இரும்புச் சத்திலும் கம்பு வெள்ளரிசியைப் பலமடங்கு மிஞ்சும்.

கம்பு மாவைப் பாக்கெட்டில் வாங்காதீர்கள், சீக்கிரம் கசந்துபோகும். தானியமாக வாங்கி, பக்கத்துச் சக்கியில் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ மட்கியை இரவில் ஊறவைத்து, காலையில் வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டால், மறுநாள் முளைவிட்டு இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். மாலையில் வெங்காயம் தாளித்து அதைச் சுண்டலாகக் கொடுங்கள். மேலே எலுமிச்சை பிழிவது சுவைக்காக மட்டுமல்ல; பயற்றிலுள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள அந்தப் புளிப்பு துணைசெய்யும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். (இதை எழுதும் எனக்கே அது கடினமாயிருக்கிறது.)

அடுத்து மீன்காரப் பெண்களின் வரிசை. தாராவியின் ஆதிக்குடிகள் கோளி மீனவர்களே. அவர்கள் வாட்டா என்று பிரித்து வைப்பது நம் ஊர்க் கூறுதான். வாவல் மீனை ஆசையோடு பார்த்துப் பெருமூச்சு விடவேண்டாம். தார்லி என்ற மத்தியைக் கேளுங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் மீன்பிடித் தடையால் விலை ஏறும். ஆகையால் மே மாதத்திலேயே ஜவளா என்னும் உலர்ந்த கூனியை வாங்கிவையுங்கள். ஒரு கைப்பிடியை வறுத்து, நிலக்கடலையும் மிளகாயும் சேர்த்துப் பொடித்தால் ஐந்து பேருக்கு ஒரு வேளைக்குப் போதும். இரவு எட்டரை மணிக்குமேல் கீரையும் தக்காளியும் பாதி விலைக்கு இறங்குவதுண்டு. அந்நேரத்தில் மீனை மட்டும் வாங்காதீர்கள்.

அந்த வீட்டில் வடாபாவ் நின்றுபோகவில்லை. சனிக்கிழமைக்கு மாத்திரம் மாறியது. ஊர் அரிசியை விடத் தகப்பனாருக்குத்தான் வெகுநாள் மனம் வரவில்லை. பாதி ரேஷன் அரிசியும் பாதி கம்புமாக உலை ஏறிய முதல் வாரத்தில் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பங்கு வைப்பதிலும் ஒரு மாற்றத்தை என் மனைவி வற்புறுத்தினார். எல்லாரும் உண்டபின் மிஞ்சியதைத் தாயும் மகளும் உண்பது நிற்கவேண்டும். சமைத்தவுடனே ஐந்து தட்டுகளிலும் பரிமாறிவிட வேண்டும். இரும்பு மாத்திரைகளும் தொடர்ந்தன. எட்டு மாதம் கழித்து மருத்துவர் திருப்தியடைந்தார்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். பிஸ்கட் வரவில்லை. மோர் கலந்த கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் வந்தன. கல்லூரியிலிருந்து திரும்பிய அந்த மகள் அடுக்களைக்குள் போய், ஆணியில் தொங்கிய மட்கி மூட்டையைப் பிரித்து முளை எவ்வளவு நீண்டிருக்கிறதென்று பார்த்துவிட்டு, “பாஸ்டர் ஐயா, சுண்டல் ஆக அரைமணி நேரம் ஆகும். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்” என்றாள்.