முல்லைக்கொடியும் தொண்டைமான் வாளும்

மாயை என்றவுடன் பொய் என்று கொள்வது உலக வழக்கிற் புகுந்துவிட்ட பிழைகளுள் ஒன்று. நம் சித்தாந்த சாத்திரம் மாயையை உள்பொருள் என்றே துணிகின்றது. ஆணவ இருளிற் கிடக்கும் உயிருக்கு இறைவன் தனு கரண புவன போகங்களை மாயையினின்றும் ஆக்கிக் கொடுத்தல், கதிரவன் எழுமளவும் இருட்டறையில் விளக்கேற்றி வைத்தலை ஒக்கும் என்பர் ஆசிரியர். விளக்குக் கதிரவனாகாது, ஆயினும் விளக்குப் பொய்யன்று. இதனை நாற்பது ஆண்டுகளாகப் பிறர்க்கு எடுத்துரைத்து வந்த யான், என் வீட்டுப் பிள்ளையின் கையிற் கைப்பேசியைக் கண்டபோது மட்டும் மறந்தேன். அம்மறதியால் நேர்ந்த பிழையொன்றனை ஈண்டு எழுதத் துணிந்தேன். கைப்பேசி விளையாட்டு என்னும் பொருள் இத்திங்களிதழுக்குப் பொருந்துவதோ என அன்பர்கள் ஐயுறலாம். நம் பிள்ளைகளின் நெஞ்சம் நாள்தோறும் எதனைச் சார்ந்து நிற்கின்றதோ அஃது அயலார் காரியம் அன்று.

யான் வாழ்வது ஆவடியை அடுத்து, விமானப்படை நிலையம் அமைந்துள்ள முத்தாபுதுப்பேட்டை. ஆவடியிலிருந்து மின்வண்டியிற் கிழக்கே சென்றால் இரண்டாவது நிலையம் திருமுல்லைவாயில். மேற்கே சென்றால் நான்காவது நிலையம் திருநின்றவூர். முன்னது சுந்தரமூர்த்தி நாயனாரது திருப்பதிகம் பெற்ற தலம்; பின்னது பூசலார் நாயனார் தம் நெஞ்சிலே கோயிலெடுத்த ஊர். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட பட்டாபிராமில் 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் 21 மாடிகளோடு டைடல் பூங்கா என்னும் மாளிகை திறக்கப்பட்டது. மென்பொருள் எழுதுவோர் பணிபுரிதற்கென எழுந்தது அது. ஆகவே இத்தொழில் எங்கோ கடல்கடந்த நாட்டில் நிகழ்வது, நமக்கென்ன என்று எங்கள் பகுதியார் இருந்துவிட இயலாது.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு வயது 12. ஞாயிறுதோறும் அவனைத் திருமுல்லைவாயிலுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். சென்ற ஆண்டில் அவனிடத்து ஒரு மாற்றம் கண்டேன். வலம் வரும்போது பின்தங்குவான், தூணருகே நின்றுவிடுவான், விமானத்தின் பின்புறத்தை அண்ணாந்து நோக்கியவாறே வாய்க்குள் எதனையோ எண்ணுவான். சந்நிதியில் மனம் பொருந்தாத பிள்ளை என்று கருதி இருமுறை கடிந்தேன். இரவிலோ, போர்வைக்குள் கைப்பேசியின் வெளிச்சம். கேட்டால், விளையாட்டு என்பான்.

விளையாட்டு என்னுஞ் சொல்லுக்கு என் செவியில் அந்நாளில் ஒரே பொருள்தான் இருந்தது. செய்தித்தாள் படிப்போர் எவர்க்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இணைய ரம்மியிற் பொருளிழந்து உயிர்விட்டோர் செய்தி நம் தமிழ்நாட்டில் எத்தனை முறை வந்தது! அதனைத் தடுக்க 2022-இற் சட்டமன்றம் இயற்றிய சட்டம், ஆளுநராற் திருப்பியனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேற்றப்பட்டு, 2023 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரிற் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடப்படுவன, ஆதலின் அவற்றின்மீது இத்தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 மணி முதல் 5 மணி வரை பணம் வைத்தாடும் விளையாட்டுக்கள் மூடியிருத்தல் வேண்டுமென அரசு விதி செய்தது. உயர்நீதிமன்றமும் சூன் திங்களில் அதனை ஏற்றது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுக்களையெல்லாம் விலக்கிச் சட்டம் இயற்றிற்று. சூதின் கேட்டினை நளன் கதையாலும் தருமன் கதையாலும் அறிந்த நாட்டில் இதற்கு இத்தனை வழக்காடல் வேண்டியிருந்தது வியப்பே. இது நிற்க.

மற்றொன்று பப்ஜி. தீவொன்றில் 100 பேர் வரை இறங்கி ஒருவரையொருவர் சுட்டு, இறுதியில் எஞ்சி நிற்பவனே வென்றவனாகும் ஆட்டம் அது. நிற்கும் நிலப்பரப்பு வரவரச் சுருங்கிக்கொண்டே வரும். ஒளிந்திருப்பவனும் வெளிவந்தே தீர வேண்டும். 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் நடுவணரசு தடுத்த 118 செயலிகளுள் அதுவும் ஒன்று. அத்தடைக்கு அரசு கூறிய காரணம் நாட்டின் பாதுகாப்பே. பிள்ளைகளின் நலம் அன்று என்பதனை ஈண்டுக் குறிக்கத் தோன்றுகின்றது.

இவையெல்லாம் என் தலையில் நிறைந்திருந்தன. ஒருநாள் இரவு மணி பதினொன்று கடந்தும் போர்வைக்குள் வெளிச்சங் கண்டு, கைப்பேசியைப் பறித்தேன். பிள்ளை, "தாத்தா, சற்றுப் பொறுங்கள், ஒன்று காட்டுகின்றேன்" என்றான். யான் பொறுத்தேனல்லேன். அச்செயலியின்மேல் விரலை அழுத்தினேன். நீக்கிவிடலாமா என்று அது கேட்டது. ஆம் என்றேன். ஒரு கருவி என்னை வினவிற்று. என் பேரனை யான் வினவவில்லை.

அவன் அழுதான், உரக்கவன்று. மறுநாட் காலையில் என் மகள் சொல்லித்தான் செய்தி தெரிந்தது. அவன் ஆடியது மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டு. சுவீடன் நாட்டினர் ஒருவர் தொடங்கி, 2011-இல் முழு வடிவில் வெளிவந்து, 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரால் 250 கோடி டாலருக்கு வாங்கப்பட்டது. 2023-இல் 30 கோடிப் படிகளுக்கு மேல் விற்றுவிட்டதென அறிவிக்கப்பட்டது. அதனுள் உலகம் முழுவதும் கனசதுரக் கட்டைகளால் ஆயது. மண், கல், மரம், நீர் என ஒவ்வொன்றும் ஒரு கட்டை. எடுக்கலாம், அடுக்கலாம். பகைவரும் பசியும் உள்ள ஆட்டமுறை ஒன்று; அவை ஒன்றுமின்றிக் கட்டுதல் மட்டுமே உள்ள முறை மற்றொன்று. பிள்ளை ஆடியது பின்னது.

நான்கு திங்களாக அவன் கட்டிக்கொண்டிருந்தது திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் திருக்கோயில்.

தலத்தைத் தரிசித்தோர்க்கு அதன் அருமை விளங்கும். அங்கே மூலவரது விமானம் தூங்கானை மாடம். யானையின் பின்புறம்போல் வளைந்து நிற்பது. கட்டைகளோ சதுரம். வளைவினைச் சதுரத்தாற் காட்டுதற்கு ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை கட்டை உள்வாங்க வேண்டுமென்று எண்ணத்தான் அவன் விமானத்தின் பின்னே நின்றிருக்கின்றான். சந்நிதியின் முன் வெள்ளெருக்கந் தூண்கள் இரண்டு உள்ளன அல்லவா? அவ்விளையாட்டில் எருக்கு இல்லை. ஆதலால் வெண்பட்டையுடைய மேலைநாட்டு மரமொன்றனை அதற்கெனத் தேர்ந்திருக்கின்றான். "நந்தியைக்கூடத் திரும்பிய முகமாகத்தான் வைத்தேன்" என்றான். அத்தலத்தில் நந்தி இறைவனை நோக்காது வாயிலை நோக்கி நிற்பதனை யான் அவனுக்கு என்றும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவனே கண்டது. கருவறையில் என்ன வைத்தாய் என்றேன். "ஒன்றும் வைக்கவில்லை, தாத்தா. சாமியைக் கட்டையாற் செய்யலாமா கூடாதா என்று தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் உங்களிடம் காட்ட இருந்தேன்" என்றான்.

அவன் கட்டியது முழுவதும் அக்கைப்பேசியினுள் மட்டுமே இருந்தது. செயலி போனபோது கோயிலும் போயிற்று.

திருமுல்லைவாயிலின் தலவரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். தொண்டைமான் படையெடுத்து வருகையில் அவனது யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. கொடிதானே என்று வாளை ஓங்கி வெட்டினான். குருதி பெருகிற்று. பார்த்தால் கொடிப்புதருள் இருந்தது சிவலிங்கம். தன் கழுத்தையே அரிய முற்பட்டான். இறைவன் வெளிப்பட்டுத் தடுத்தருளினான். இக்கதையைப் பேரனுக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் மன்னனது பேற்றினையே விரித்துரைத்தேன். வாளோங்குமுன் அவன் குனிந்து பார்த்திருக்கலாம் என்னும் எண்ணம் எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று காலை தோன்றிற்று. எனக்குத் தோன்றி வந்து தடுப்பார் ஒருவரும் இல்லை. பேரனிடம் "என் பிழை" என்று சொல்ல மட்டுமே இயன்றது. எழுபது வயதில் அச்சொல் எளிதில் வாயினின்று வருவதில்லை.

இனி என் கருத்து. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல. ஆகவே விளையாட்டு நன்றோ தீதோ எனப் பொதுப்பட வினவுதல் பயனின்று. இவ்விளையாட்டில் இவ்வுயிர் எதனைச் சார்கின்றது என வினவ வேண்டும். இணைய ரம்மியிற் சார்வது பேராசையை. இழந்ததை மீட்போம் என்னும் நசையே அங்கே வாணிகப்பொருள். சுடுகின்ற ஆட்டத்திற் பிள்ளைகள் எல்லோரும் கொடியராகின்றனர் என யான் கூறத் துணியேன். ஆயினும் பிறர் அழியத் தான் ஒருவன் எஞ்சுதலே வெற்றி என்பதனை நாடோறும் பழகும் நெஞ்சம் நல்லது பழகிற்று எனக் கூறவும் மாட்டேன். கட்டும் விளையாட்டினுள்ளும் வாணிகம் இல்லாமலில்லை. அலங்காரங்களையும் உடுப்புக்களையும் விற்குங் கடை அதனுள்ளேயே உண்டு. உறக்கத்தைக் கெடுத்ததும் உண்மை. எனினும் என் பேரன் அதனுள் சார்ந்து நின்றது ஒரு சிவாலயத்தை. அவன் கண் அங்கே ஊன்றியதுபோல் என் கண் ஊன்றியதில்லை.

என் கைப்பேசியையும் சொல்லிவிடுகின்றேன். பன்னிரு திருமுறையும் அதனுள் உள்ளன. தருமபுர ஆதீனத்தார் உரையோடும் பண்ணிசையோடும் திருமுறைகளை இணையத்தில் ஏற்றி வைத்திருப்பதும், 1998 பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டத்தார் நம் நூல்களை ஊதியங் கருதாது மின்வடிவாக்கி வழங்குவதும் சிறியவான தொண்டுகள் அல்ல. தில்லையிற் செல்லரித்தவை போக எஞ்சிய ஏடுகளை நம்பியாண்டார் நம்பி தொகுத்தளித்த திருமுறையை இன்று மின்வண்டியில் நின்றுகொண்டே ஓதுகின்றோம். ஆயினும் நிகழ்ந்தது கேளுங்கள். ஒருநாட் காலைப் பூசையிற் கைப்பேசியைப் பார்த்துப் பதிகம் ஓதிக்கொண்டிருக்கையில், வீட்டுமனை விலை பற்றிய செய்தி ஒன்று மேலிருந்து இறங்கிற்று. விரல் அதன்மேற் சென்றது, விடையும் எழுதினேன். மீண்டபோது எந்தத் திருப்பாட்டில் விட்டேன் என்பது தெரியவில்லை. திருமுறையைக் கையில் வைத்திருந்த யான் சார்ந்தது மனைவிலையை; விளையாட்டைக் கையில் வைத்திருந்த சிறுவன் சார்ந்தது மாசிலாமணியை. அன்றுமுதல் பூசையறைக்குப் பழைய அச்சுப் புத்தகமே செல்கின்றது.

அடுத்த ஞாயிறன்று அவனைத் திருநின்றவூருக்கு அழைத்துச் சென்றேன். இருதயாலீசுவரர் சந்நிதியில் அமர்ந்து பூசலார் வரலாற்றைச் சொன்னேன். கோயிலெடுக்க விழைந்து எங்கும் பொருள் கிடையாமையால், நினைவினாலேயே கல்லும் மரமும் தச்சரும் தேடி, நாளும் பொழுதும் பார்த்து, விமானமும் மதிலும் கிணறும் குளமும் மனத்திலே அமைத்தார் அவர். அவர் குடமுழுக்கிற்குக் குறித்த நாளும் காஞ்சியிற் காடவர்கோன் தன் கற்றளிக்குக் குறித்த நாளும் ஒன்றாயின. இறைவன் மன்னன் கனவிலே தோன்றி, நின்றவூரில் அன்பன் எடுத்த கோயிலில் நாளை புகுவோம், நீ வேறு நாள் கொள்க என்றருளினான். பேரன் கேட்டான்: "பூசலார் கட்டியதை யாராவது அழிக்க முடியுமா, தாத்தா?" முடியாது என்றேன். "அப்படியானால் வேறு யாராவது பார்க்க முடியுமா?" அதுவும் முடியாது, தேடி வந்த மன்னன் கண்டது பூசலாரை மட்டுமே என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். கைப்பேசியிற் கட்டுவோரெல்லாம் பூசலாராவர் எனச் சொல்ல யான் வந்தேனல்லேன். அவர் நெஞ்சில் வேறொன்றற்கும் இடமில்லை. அடுத்த நொடி மற்றொரு செயலிக்குத் தாவும் விரல் அவரிடம் இல்லை. பிள்ளைக்கும் அவ்வேறுபாடு ஓரளவு புலப்பட்டதென்றே தோன்றுகின்றது.

செயலி மீண்டும் கைப்பேசியில் ஏறியுள்ளது. மாலையில் ஒரு மணி நேரம், இரவில் இல்லை. இம்முறை கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்துகொண்டு கட்டுகின்றான். நோட்டைப் பிடித்துக்கொண்டு விமானத்தின் பின்னே நிற்பது என் பணி. தூங்கானை மாடத்தின் வளைவைக் கீழிருந்து மூன்றாம் வரிசை வரை எண்ணியிருக்கின்றோம். நந்தி வாயிலை நோக்கி அமர்ந்துவிட்டது. கருவறைக்கு அவன் இன்னும் வரவில்லை. வரும்போது அவ்வினாவை மறுபடி கேட்பான். சிவாகமம் வல்ல அன்பர்கள் யாரேனும் இதற்கு விடை எழுதுவார்களாயின் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன்.