சாரலைத் தேடி ஆயிரம் கிலோமீட்டர்

அயல்நாட்டில் பிழைக்கச் சென்றவர்களைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் ஊருக்கு அனுப்பிய பணம், கட்டி முடித்த வீடு, நடத்திக் கொடுத்த திருமணம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, அவர்கள் அந்நாட்டிலேயே தேடிக்கொள்ளும் எளிய மகிழ்ச்சிகளை விட்டுவிடுகின்றன. ஓமனில் பணிபுரியும் தமிழர்கள் கடுங்கோடையில் தலைநகர் மஸ்கட்டிலிருந்து தென்கோடியிலுள்ள சலாலா நகருக்குக் காரில் மேற்கொள்ளும் பயணம் அத்தகைய மகிழ்ச்சிகளுள் ஒன்று. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் கடந்து அவர்கள் காணச் செல்வது மாளிகையோ கோபுரமோ அன்று, வெறும் தூறல். பின்வரும் குறிப்புகள் அப்பயணத்தை, அது வழக்கமாக நிகழும் வரிசையில், நாட்குறிப்பாகப் பதிவு செய்கின்றன. இவற்றில் வரும் குடும்பம் ஒன்றே எனினும், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அச்சாலையில் செல்லும் பல குடும்பங்களுக்கு இது பொருந்தும்.

வியாழன் மாலை, மஸ்கட்

ஓமனில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால், அவற்றோடு சேர்த்து ஞாயிறும் திங்களும் விடுப்பு வாங்கிய குடும்பம் வியாழன் மாலையே புளிச்சோறு கிளறிப் பொட்டலம் கட்டத் தொடங்குகிறது. வெளியே வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்க, கடலோர ஈரப்பதமும் சேர்ந்துகொள்வதால், குளிர்சாதன அறையிலிருந்து காருக்கும் காரிலிருந்து அலுவலகத்துக்குமாக மாதக்கணக்கில் அடைபட்டு வாழ்ந்த பிள்ளைகளுக்கு, நாளை மழையில் நனையலாம் என்று பெற்றோர் சொல்வது எளிதில் நம்பக்கூடிய செய்தியாக இல்லை.

அந்த நம்பிக்கையின் பெயர் கரீஃப். ஓமனின் தென்மாநிலமான தோஃபாரில் ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை நிலவும் மழைப்பருவத்தை அரபு மொழியில் அவ்வாறு வழங்குகின்றனர். தென்மேற்குப் பருவக்காற்று அரேபியக் கரைக்கு ஏறக்குறைய இணையாக வீசும்போது மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுவதால், அவ்விடத்தை நிரப்பக் கடலடியின் குளிர்நீர் மேலெழுகிறது. அதன்மேல் தவழ்ந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. உட்பகுதிப் பாலைவனத்தின் வெப்பமான உலர்காற்று அதற்கு மேலே பானைக்கு மூடி போட்டதுபோல் அமர்ந்துகொள்வதால், மேகம் உயர எழ வழியின்றித் தாழ்ந்தே நின்று, கடலைப் பார்த்த மலைச்சரிவுகளில் மோதித் தூறலாக இறங்குகிறது. இதே பருவக்காற்றுதான் அரபிக்கடலைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து, அதே மாதங்களில் குற்றாலத்தில் சாரலாகப் பெய்கிறது. தென்காசிப் பக்கத்து மனிதர் சலாலாவில் போய் நிற்கும்போது புதிய ஊருக்கு வந்த உணர்வைவிடப் பழைய காற்றைக் கண்ட உணர்வு மேலோங்குவதற்கு இதுவே காரணம்.

வெள்ளி விடியல், நிஸ்வாவைக் கடந்து

மஸ்கட்டை நள்ளிரவுக்குப் பின் விட்டுப் புறப்பட்டால், பேரீச்சந்தோப்புகளும் பழைய கோட்டையும் கொண்ட நிஸ்வாவைக் கடந்து ஆதம் என்னும் சிற்றூரை அடையும் வேளையில் பொழுது புலர்கிறது. நேரத்தை இவ்வாறு கணக்கிடுவதற்கு ஒட்டகமே காரணம். ஆதத்துக்கு அப்பால் திறந்த பாலையில் மேயும் ஒட்டகங்கள் இரவில் சாலையில் ஏறி நிற்கின்றன. அவற்றின் கால்கள் நீளமானவை என்பதால், மோதும் காரின் முன்பகுதி கால்களை அடிக்க, பெருத்த உடல் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுகிறது. அனுபவமுள்ளவர்கள் இருட்டில் இவ்வழியே ஓட்டுவதைத் தவிர்ப்பதும், முதன்முறை செல்பவர்களுக்கு அதையே முதல் அறிவுரையாகச் சொல்வதும் இதனால்தான்.

1970இல் ஓமன் முழுவதிலும் இருந்த தார்ச்சாலை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மட்டுமே. அந்நாளில் வடக்கிலிருந்து தோஃபாருக்குச் செல்வோர் கப்பலேறினர் அல்லது ஒட்டகத்தில் வாரக்கணக்கில் சென்றனர். இன்று ஒரே பகலில் அத்தொலைவைக் கடக்கும் வாகனங்களில், அந்தச் சாலைகளை அமைக்க உழைத்த தெற்காசியத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இருக்கலாம் என்பது நினைத்துப் பார்க்கத் தக்கது.

வெள்ளி முற்பகல், ஹைமா

மஸ்கட்டுக்கும் சலாலாவுக்கும் ஏறத்தாழ நடுவில் உள்ள ஹைமா, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தொலைவு சரளைச் சமவெளி மட்டுமே கிடக்கும் ஓர் ஊர். பெட்ரோல் நிலையமும், பள்ளிவாசலும், ஏலக்காய் போட்டுக் கொதிக்கவைத்த கரக் தேநீர் விற்கும் கடைகளும் பயணிகளை அங்கே நிறுத்துகின்றன. இதற்குக் கிழக்கே ஹராசிஸ் என்னும் மக்கள் வாழும் ஜித்தத் அல்-ஹராசிஸ் சமவெளியில், காட்டிலிருந்து அற்றுப்போன அரேபிய ஓரிக்ஸ் மான்கள் 1982இல் மீண்டும் விடப்பட்டன. 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அச்சரணாலயம், வேட்டையாலும், அதன் பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டதாலும் 2007இல் நீக்கப்பட்டு, அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் ஆயிற்று. வெறுமையாகத் தோன்றும் நிலத்திலும் இழப்பதற்கு உயிர்கள் இருந்தன.

ஆயினும் இப்பயணத்தின் பெரும்பேறு சன்னலுக்கு வெளியே இருப்பதாகச் சொல்ல இயலாது. பார்க்க எதுவுமில்லாத நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் குடும்பத்தைப் பேச வைக்கிறது. கைப்பேசியில் அலைவரிசை விட்டுவிட்டு வருவதால் பிள்ளைகள் திரையை மடியில் போட்டுவிட்டு, தந்தை முதன்முதலில் ஓமனுக்கு வந்தபோது எட்டுப் பேரோடு ஒரே அறையில் எப்படிச் சமைத்தார் என்று கேட்கின்றனர். ஊரில் ஆற்றுக்குப் போன கதையைத் தாய் சொல்கிறார். பின்னிருக்கையில் சண்டை நடக்கிறது. சற்று நேரத்தில் எல்லோரும் ஒரு பாட்டைச் சேர்ந்து பாடுகின்றனர். வாரநாள்களில் விடியலில் போய் இருட்டியபின் வரும் மனிதரைப் பிள்ளைகள் ஒரு பகல் முழுவதும் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்கு அந்தப் பாலைவனம் இடம் தருகிறது. சலாலாவைப் பற்றிய நினைவு மங்கிய பின்னும் பிள்ளைகளின் மனத்தில் தங்குவது இந்தப் பேச்சாகவே இருக்கும்.

வெள்ளி பிற்பகல், துமரைத்திலிருந்து மலை முகடு வரை

சலாலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள துமரைத்தில் இன்னும் வெயில் கொளுத்துகிறது. அங்கிருந்து சாலை கரா மலையின் வறண்ட புறமாக மெல்ல ஏறும்வரை மாற்றத்துக்கான அடையாளம் எதுவுமில்லை. பிறகு முகட்டை நெருங்கும்போது தொலைவில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிகிறது; சில நிமிடங்களில் சாலை அதற்குள் நுழைந்துவிடுகிறது. எதிரே வரும் வண்டிகள் விளக்குகளாக மட்டும் தெரிகின்றன. முன்கண்ணாடியில் படிந்திருந்த ஆயிரம் கிலோமீட்டர் புழுதியின் மேல் நுண்துளிகள் விழுந்து சேறாகிக் கோடிட்டு வழிகின்றன. மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து ரப்பர் விறைத்துப்போன வைப்பர் முதல் இழுப்பில் கிறீச்சிட்டு அந்தச் சேற்றை அப்பிவிடுகிறது. நீரைப் பீய்ச்சி மறுபடி இழுத்த பின்னரே, அரை வட்டமாகத் துடைக்கப்பட்ட கண்ணாடிக்கு அப்பால் புல் தெரிகிறது. மலைச்சரிவு முழுவதும் பச்சை.

வெப்பமானி காட்டும் எண் சில கிலோமீட்டரில் 40ஐ ஒட்டிய நிலையிலிருந்து 25ஐ ஒட்டிய நிலைக்கு இறங்குகிறது. குளிர்சாதனத்தை அணைத்துச் சன்னல்களை இறக்கியதும் ஈரமண் வாசனை வண்டிக்குள் நிறைகிறது. பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தினால், பிள்ளைகள் இறங்கி ஓடுவதும், பெரியவர்கள் தலையைத் துடைக்காமல் தூறலில் நின்றுகொண்டிருப்பதும், பக்கத்தில் நிற்கும் சவூதிப் பதிவெண் கொண்ட வண்டியின் குடும்பமும் அதையே செய்துகொண்டிருப்பதும் காணக்கூடிய காட்சிகள். 2024ஆம் ஆண்டின் கரீஃபுக்கு வந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினர். அவர்களில் மிகப் பலர் வளைகுடா நாடுகளின் மக்களே. நனைவதற்காக நாடு கடந்து வருபவர்களுக்கு நடுவே நிற்கும்போது, ஊரில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி ஒதுங்கிய தூறல் எவ்வளவு பெரிய செல்வம் என்பது தமிழ்ப் பயணிக்கு உறைக்கிறது.

சனி, சலாலா

நகருக்குள் சாலையோரமெங்கும் தென்னை, வாழை, பப்பாளித் தோப்புகள். தோப்பை ஒட்டி ஓலை வேய்ந்த இளநீர்க் கடைகள். கடைக்காரர்களில் மலையாளிகளும் வங்காளிகளும் மிகுதி. “சேட்டா, வழுக்கையா ஒண்ணு” என்று தமிழில் கேட்டாலே போதும். கடைக்காரர் காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து, அடிப்பகுதியைச் சீவி, குடித்து முடித்ததும் அதே காயைப் பிளந்து, மட்டையில் ஒரு துண்டைச் சீவிக் கரண்டியாகத் தருகிறார். மஸ்கட்டின் பேரங்காடியில் உறையிட்டு விற்கும் இளநீரும் இளநீர்தான் எனினும், மட்டைக் கரண்டியால் வழித்துத் தின்பது அங்கே கிடைப்பதில்லை.

இத்தோப்புகள் புதியவை அல்ல. 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மொராக்கோப் பயணி இபுனு பதூதா, அன்று ஜஃபார் எனப்பட்ட இந்நகரத்தில் தென்னையும் வெற்றிலைக் கொடியும் விளைவதைக் கண்டு இரண்டையும் விரிவாக விளக்கினார். அவரே பின்னாளில் மதுரை சுல்தானகத்தையும் கண்டவர். அவர் கண்ட துறைமுக நகரத்தின் எச்சங்கள் அல்-பலீத் என்னும் பெயரில் கடலோரத்தில் காக்கப்பட்டுள்ளன.

பிற்பகலில் மலையடி ஊற்றுகளுக்குச் செல்லும்போது, சமவெளியில் கூட்டங்கூட்டமாக ஒட்டகங்கள் எதிர்ப்படுகின்றன. கரீஃபில் சரிவுகள் வழுக்குவதாலும் பூச்சித் தொல்லையாலும் மலைவாழ் மக்கள் அவற்றைக் கீழே இறக்கிவைத்து, பருவம் முடிந்ததும் புல்வெளிக்கு ஏற்றுகின்றனர். அம்மக்கள் பேசும் ஜிப்பாலி, அரபிலிருந்து வேறான, எழுத்து மரபற்ற தென்னரேபிய மொழிகளுள் ஒன்று. சரிவுகளில் நிற்கும் முக்கிய மரம், தமிழகக் காடுகளில் வெக்காலி எனப்படும் மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் இலைகள் மூடுபனியின் நுண்துளிகளைப் பிடித்துச் சொட்டவிடுவதால், மரத்தடி நிலம் வெட்டவெளியைவிட மிகுதியான நீரைப் பெறுகிறது. சலாலாவின் ஊற்றுகளுக்கும் கிணறுகளுக்கும் அம்மரங்கள் இன்றியமையாதவை. அங்கே கால்நடை மேய்ச்சல் மிகுந்து கன்றுகள் தழைக்காமல் போவது கவலைக்குரியது.

ஞாயிறு, சும்ஹுரம்

நகருக்குக் கிழக்கே கோர் ரோரி என்னும் கழிமுகத்தின் மேட்டில் சும்ஹுரம் துறைமுகத்தின் கல் மதில்கள் நிற்கின்றன. குந்திரிக்கம் என்னும் நறும்பிசினை ஏற்றுமதி செய்ய ஹத்ரமௌத் அரசு அமைத்த இத்துறைமுகம், கிறித்துவுக்கு முன்பிருந்து 5ஆம் நூற்றாண்டு வரை இயங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிநூலான பெரிப்ளூஸ், தமிழகக் கரையிலிருந்து திரும்பும் கப்பல்கள் பருவம் தவறினால் மோஸ்கா துறையில் குளிர்காலத்தைக் கழித்து, துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் குந்திரிக்கம் வாங்கியதைக் கூறுகிறது. அத்துறை சும்ஹுரமே என்பது அறிஞர் பலரின் கருத்து. 2006இல் இங்குக் கிடைத்த பானையோடு ஒன்றில் ‘ணந்தை கீரன்’ என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது, அது கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது.

அந்தக் கீரன் வணிகரா, மாலுமியா என்பதை ஓடு சொல்லவில்லை. ஆனால் பருவக்காற்றை நம்பி வந்து, அது திசை திரும்பும்வரை ஊருக்குப் போக முடியாமல் காத்திருந்தவராக அவர் இருக்கலாம். இடிந்த மதிலின் மேல் நின்று கழிமுகத்தைப் பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, விடுப்புக்காகக் காத்திருக்கும் தங்கள் தந்தையின் வாழ்வு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள வாழ்வு என்று சொல்லிக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான வகுப்பறை இல்லை.

திங்கள், திரும்பும் வழி

மலை முகட்டைத் தாண்டியதும் பனி அறுபட்டு வெயில் மீள்கிறது. சற்றுத் தொலைவில் குந்திரிக்க மரங்கள் நிற்கும் வாதி தவ்கா பள்ளத்தாக்கு. சும்ஹுரம், அல்-பலீத், சிஸ்ர் ஆகியவற்றோடு சேர்ந்து 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மழை எட்டாத, ஆனால் அதன் குளிர்ச்சி எட்டிப்பார்க்கும் இவ்வறண்ட பகுதியில் அம்மரம் செழிக்கிறது.

துமரைத்தின் தேநீர்க் கடையில் மஸ்கட் செல்லும் பேருந்து நிற்கும்போது, அதிலிருந்து இறங்குபவர்களில் தொழிலாளர் முகாம்களில் வாழும் தமிழ் இளைஞர்களும் உள்ளனர். சொந்தக் கார் இல்லாத அவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்தே வந்து, ஒரு பகல் நனைந்து, மறுபடி இரவெல்லாம் உட்கார்ந்து திரும்புபவர்கள். ஆயினும் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் களைப்பு இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் 12.30 முதல் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கலாகாது என்று ஓமன் சட்டம் விதித்திருப்பது நல்லது. அதோடு, அம்மாதங்களில் ஒவ்வொரு முகாமுக்கும் ஊதியத்தோடு இரண்டு நாள் விடுப்பும் சலாலாவுக்கு ஒரு பேருந்தும் தருவதை நிறுவனங்கள் வழக்கமாக்க வேண்டும். நாற்பது பேர் நனைந்து வர ஒரு வண்டி போதும்.