ஒரு மாலைக்கான கண்கள்

நம் பக்கத்துப் புற்றுக் கரையானுக்குக் கண் கிடையாது. மண் சுமக்கும் வேலைக்காரக் கரையானும் காவல் கரையானும் பார்வையின்றிப் பிறந்து, பார்வையின்றியே மடிகின்றன. அதே புற்றில் அதே தாய்க்குப் பிறந்த ஈசலுக்கு மட்டும் இரண்டு நல்ல கூட்டுக்கண்கள். மழை ஓய்ந்த ஒரு பொழுதில் அது வெளியே வரும். சிறிது நேரம் பறக்கும். சிறகை உதிர்த்துவிட்டுத் துணையோடு மண்ணுக்குள் இறங்கிவிடும். பிழைத்த இணை அரசனும் அரசியுமாகி ஆண்டுக்கணக்கில் வாழும். ஆனால் முழு இருட்டில். வாழ்நாளில் ஒரே ஒரு பறத்தலுக்காக அந்தக் கண்கள்.

செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்மண் காடுகளில் புற்றைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். வெளிச்சமே நுழையாத அறைக்குள் காத்திருக்கும் ஈசலுக்கு, 'இப்போது கிளம்பு' என்று எது சொல்கிறது? மழையின் ஈரமும் புழுக்கமும் பாதி விடை. மீதிப் பாதி, பொழுது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நேரம் உண்டு: சில பகலில், சில அந்தியில், சில இரவில். பக்கத்துப் புற்றுக்காரர்களும் அதே நேரத்தில் பறந்தால்தானே வேற்றுப் புற்றில் துணை அமையும்? அந்தி ஈசல் பூத்தால் அடைமழை என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சொலவடையிலும் ஈசலோடு பொழுதும் சேர்ந்தே நிற்கிறது.

இப்படிப் பொழுது சொல்ல உயிர்களுக்குள் ஓடும் கடிகாரத்துக்கே வாழ்நாளைக் கொடுத்தவர் எம்.கே. சந்திரசேகரன். ஜெர்மனியின் டூபிங்கனில் பழ ஈக்களை ஆராய்ந்தார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வௌவால்களையும் மனிதர்களையும் ஆராய்ந்தார். பழ ஈ தன் கூட்டை உடைத்து வெளிவருவது விடியலில். காற்றில் ஈரம் இருக்கும்போதே புதுச் சிறகு விரிய வேண்டும். அந்தக் கூடுகளைத் தொடர்ந்து இருட்டிலேயே வைத்தாலும், ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றுக்குள் ஒரு விடியல் வந்துகொண்டே இருக்கிறது. முன்னிரவில் கொஞ்சம் ஒளி பட்டால், இன்னும் பொழுது சாயவில்லை என்று கடிகாரம் பின்தங்குகிறது. பின்னிரவில் அதே ஒளி பட்டால், விடிந்துவிட்டது என்று முந்துகிறது. பூச்சிக்கு ஒளி முதலில் பொழுது. பார்வையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செங்கல்பட்டு இருளர்களுக்கு ஈசலின் பொழுது அத்துபடி. புற்றருகே சிறு குழி தோண்டி, விளக்கு வைத்துக் காத்திருப்பார்கள். கிளம்பும் ஈசல் வந்து குழியில் விழும். வறுத்து, முறத்தில் புடைத்துச் சிறகை நீக்கித் தின்பார்கள். பூச்சி ஏன் விளக்கில் விழுகிறது என்பதற்கு 2024இல் ஒரு விளக்கம் கிடைத்தது. சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி முதலியோர் விளக்கைச் சுற்றும் பூச்சிகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். இரவில் வானம்தான் மண்ணைவிட வெளிச்சம். ஆகவே பறக்கும் பூச்சி வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி மேல்கீழ் அறிகிறது. பக்கத்தில் விளக்கு வந்தால் அதற்கு முதுகைத் திருப்பித் திருப்பியே சுற்றுகிறது. விளக்கு கீழே இருந்தால் மல்லாந்து விழுகிறது. எல்லாப் பூச்சியும் அப்படியல்ல என்றும் அவர்கள் கண்டார்கள். ஆனாலும் அதைப் படித்தபோது என் கண்முன் வந்தது இருளர் குழியும் அதன் அடியில் எரியும் சுடரும்தான்.

ஈசலை உண்ணும் வழக்கம் புறநானூற்றிலேயே இருக்கிறது. 119ஆம் பாட்டில் கபிலர், அரசன் பாரி போனபின் அவன் நாடு அழிந்துவிடுமோ என்று கலங்குகிறார். அந்த நாட்டைச் சொல்ல அவருக்குக் கோட்டை நினைவு வரவில்லை, படை நினைவு வரவில்லை. கார்மழை பெய்து முடிந்த அழகான காலம் வருகிறது. யானை முகத்துப் புள்ளிபோலத் தெறுழம்பூ பூக்கிறது. சிவந்த புற்றின் ஈசல் மோரில் புளிக்கிறது. புதுத் தினை வருகிறது. நான் அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப நிற்பது இங்கேதான். ஒரு பண்டம் அடுப்பேறுவதற்கு மழை, பூ, மண்ணின் நிறம், கதிர் எல்லாம் தத்தம் வேளையில் வந்து சேர வேண்டியிருக்கிறது. நாடு என்பது அந்த வேளைகளின் ஒழுங்குதான் என்று கபிலர் நினைத்திருக்க வேண்டும். அரசன் போனபின் அந்த ஒழுங்கும் போய்விடுமோ என்பதே அவர் அச்சம்.

பெரும்பாணாற்றுப்படையில் வேறொரு வெளிச்சம். நீர்ப்பெயற்று என்னும் துறையில், ஏணி சாத்தி ஏறவேண்டிய, கூரை வேயாத உயர்ந்த மாடத்தில் இரவுதோறும் தீ எரிகிறது. கடலில் போகும் கலங்களை அது அழைக்கிறது. அந்தத் துறையை மாமல்லபுரம் என்றே கொள்வோர் உண்டு. பின்னாளில், 19ஆம் நூற்றாண்டில், மாமல்லபுரப் பாறைமேல் உள்ள பல்லவர் கோயிலே கலங்கரை விளக்கமாயிற்று. அந்தப் பழைய தீயிலும் பூச்சிகள் விழுந்திருக்கும். ஆனால் அன்று கரை நெடுக இருட்டு. நடுவே ஒரு தீ. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிக்கு விடுதி வானத்தைப் பார்த்த விளக்குகள். ஜி.எஸ்.டி. சாலையிலோ இரவே இல்லை. முன்னிரவும் பின்னிரவும் ஒரே வெள்ளையாகிவிட்டால், பூச்சி எதை வைத்துப் பொழுதறியும்?

கடலாமைக் குஞ்சுகளும் இதே வெளிச்சத்தைக் கடலென்று எண்ணிச் சாலைப்பக்கம் திரும்புகின்றன. சென்னைக் கரையில் மாணவர் அமைப்பொன்று 1988 முதல் முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறது. ஆமைக்குக் கிடைத்த அந்த அக்கறை ஈசலுக்கும் கிடைக்க வேண்டும். பெரிய செலவொன்றும் இல்லை: விளக்குக்கு மூடி போட்டு ஒளியைத் தரைநோக்கித் திருப்பலாம், வெள்ளைக்குப் பதில் மஞ்சள் போடலாம், அதற்குப் பூச்சி குறைவாகவே வரும், மழை விட்ட மாலையில் வாசல் விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்கலாம். பறவைக்கும் பல்லிக்கும் தவளைக்கும் அன்று ஈசல் விருந்து. அவற்றின் பங்கு போக மிஞ்சும் சில இணைகள்தான் அடுத்த புற்றைக் கட்டும். அந்தச் சில இணைகளை விளக்கடியில் பெருக்கித் தள்ளும் குப்பையாக்க நமக்கு உரிமையில்லை.