சித்திரை விலைக்குக் கணக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் 14 வருடமாக அவருக்குச் செக்கிங் வேலை. துணியை விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்க்க வேண்டும். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். வேலை கைவந்தது, மனசுதான் ஒட்டவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு, மூலனூர் பக்கம் உள்ள சொந்த ஊருக்குப் பஸ் ஏறும்போதுதான் உயிர் வரும்.

ஊரில் இரண்டு ஏக்கர் காடு, ஒரு போர். ஒரு கார்த்திகையில் முருங்கைக்காய் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பக்கத்துக் காட்டுக்காரர் பணம் எண்ணுவதைப் பார்த்தவர், அன்று இரவே "வேலையை விட்டுடறேன்ப்பா" என்றார்.

அப்பா மறுக்கவில்லை. "சித்திரை விலைக்குக் கணக்குப் போட்டுப் பாரு கண்ணு. அப்பவும் அடுப்பெரிஞ்சா வந்துரு."

மனைவிக்கு வேறு கவலை. "அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை இ.எஸ்.ஐ-யிலதானுங்க வருது. நீங்க நின்னுட்டா அதுக்கு என்ன பண்றது?"

சம்பளத்தை மட்டுமே கணக்கில் வைத்திருந்தவர், அதை யோசித்திருக்கவே இல்லை.

அடுத்த ஆடியில் 50 சென்டில் மட்டும் செடிமுருங்கை வைத்தார்கள். அப்பா தண்ணீர் பாய்ச்சினார். ஞாயிற்றுக்கிழமைகளில் களையெடுப்பதும் நுனி கிள்ளுவதும் அவர் வேலை. தையில் முதல் பறிப்பு, நல்ல விலை. அந்தப் பணத்தில் ஒரு கறவை மாடு வாங்கி, 10 சென்டில் கோ-5 தீவனப்புல் நட்டார்கள்.

சித்திரையில் எல்லார் காட்டிலும் காய். கிலோ ஐந்து ரூபாய். பறிகூலியும் வண்டி வாடகையும் போகக் கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஆனால், அந்த வாரமும் விடியக்காலையில் காட்டுக்குப் போக அவருக்குச் சலிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் இந்த ஆசை விலையைப் பார்த்து வந்ததல்ல என்று தெரிந்தது.

அந்தச் சித்திரையில் வீட்டுக்கு அரிசி வந்தது பால் பணத்தில். தீவனச் செலவு போக மீதியை மனைவி தனி நோட்டில் எழுதி வருகிறார். அதில் மாத்திரைச் செலவு தேறுகிறது. மகள் பள்ளிச் செலவு இன்னும் தேறவில்லை.

இரண்டாவதாக வாங்கிய சினை மாடு மார்கழியில் கன்று போடும். அதற்கடுத்த தையில் நின்றுகொள்வதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். பி.எஃப். பணம் மகள் படிப்புக்கு. அதில் போர் போடுவதில்லை என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள்.

அதுவரை சனிக்கிழமை ராத்திரி பஸ்தான்.