பாலைவன நாட்டுக்குப் பெட்டி கட்டினோம்

திருவண்ணாமலைக்கு மூட்டை முடிச்சுகளோடு வருவோரை நாங்கள் சிறு வயது முதலே கண்டு வருகிறோம். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க வருவோர், கார்த்திகைத் தீபம் காண வருவோர், இரமணாசிரமத்தில் தங்கி அமைதி தேடும் வெளிநாட்டார் என வரவுக்கு என்றும் குறைவில்லை. இவ்வூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களைத்தான் ஊர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தொழிற்பயிற்சி முடித்த எங்கள் தம்பி, மின்பணியாளனாகச் சவூதி அரேபியாவின் தலைநகர் ரியாத்துக்குப் புறப்பட்டபோது, ஒரு மாத காலம் எங்கள் வீடு ஒரு பெட்டியைச் சுற்றியே சுழன்றது. அப்பெட்டிக்குள் எவை போயின, எவை போகவில்லை என்பதை இங்கே எழுதுகிறோம். வேறொரு பங்கில் வேறொரு தாய் இன்று இதே கவலையில் இருக்கக்கூடும்.

எங்களுக்கு வழிகாட்டியாக அமைந்தவர் அடுத்த வீட்டுப் பாய். தம்மாம் நகரில் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர். அவர் நாற்காலி போட்டு அமர்ந்து ஒவ்வொரு பொருளாகக் கையிலெடுத்துப் பார்த்து, “இது போகட்டும், இது வேண்டாம்” என்று தீர்ப்பளித்தார்.

முதல் வியப்பு கம்பளிச் சட்டை. பாலைவனம் என்றதும் வெயிலை மட்டுமே எண்ணிப் பருத்திச் சட்டைகளாக அடுக்கியிருந்தோம். ரியாத் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம் என்றும், கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டினாலும் சனவரி இரவுகளில் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கிவிடும் என்றும் பாய் சொன்ன பிறகே தேரடி வீதிக்கு ஓடினோம். சித்திரை மாதத்தில் கம்பளிச் சட்டை கேட்ட எங்களைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். அரைக்கால் சட்டைகளை பாய் தனியே ஒதுக்கி வைத்தார். அறைக்குள் உடுத்தலாம், தெருவுக்கு ஆகாது என்றார். முழுக்கை வெள்ளைச் சட்டைகள் நான்கு அதிகமாயின. கோடையில் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாதென அந்நாட்டில் விதி உண்டு. அதையும் அவரே சொல்லி, தம்பியின் குறிப்பேட்டில் எழுத வைத்தார்.

அடுத்தது உணவு. எங்கள் ஆயா இரண்டு நாள் உழைத்து அரைத்த குருமாப் பொடியை பாய் முகர்ந்து பார்த்து, “இதில் கசகசா உண்டா, அம்மா?” என்று கேட்டார். உண்டு என்றதும் பொட்டலத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நம் சமையலறையில் குருமாவுக்கும் பாயசத்துக்கும் அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. வளைகுடா நாடுகள் பலவற்றில் அது தடை செய்யப்பட்ட பொருள். அறியாமையைச் சுங்க அதிகாரியிடம் காரணமாகச் சொல்லித் தப்ப முடியாது. பன்றி இறைச்சி ஊறுகாயும் மதுவும் கூடா என்பதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மருந்துகளிலும் கவனம் வேண்டும்; கடும் வலிக்கும் இருமலுக்கும் இங்கே தரப்படும் மருந்துகள் சில அங்கே போதைப்பொருள் கணக்கில் சேரும். ஆகவே தம்பியின் மாத்திரைகளைப் பிரிக்காத அட்டைகளாக, மருத்துவர் கையொப்பமிட்ட சீட்டோடு வைத்தோம்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வாசலுக்கே வந்தது. தூரத்து உறவினர் ஒருவர், ரியாத்தில் உள்ள தம் நண்பருக்கென்று நன்றாகத் தைத்து மூடிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். தாட்சணியத்துக்காக நாங்கள் வாங்கி வைத்துவிட்டோம். பாய் அதைக் கண்டதும் முகம் மாறிவிட்டார். பிறர் கொடுத்த பொட்டலத்தில் என்ன இருந்ததென்று அறியாமலே அயல்நாட்டுச் சிறையில் வாடும் தொழிலாளர் கதைகளை அவர் அறிவார். போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனையும் உண்டு. நாங்கள் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தோம். உறவினருக்கு வருத்தந்தான். அவர் பொட்டலத்தில் வெறும் அதிரசமே இருந்திருக்கலாம். இருந்தும் எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

இனி, எங்களைத் தூங்கவிடாமல் செய்த செய்திக்கு வருகிறோம். ஆயா தம் பங்குக்கு ஒரு சிறு துணிப்பையைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். அதனுள் முழ நீளப் பாடுபட்ட சுரூபம், வேளாங்கண்ணி மாதா சுரூபம், உத்தரியம், செபமாலை, சேத்துப்பட்டு லூர்து மாதா திருத்தலத்திலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் ஆகியவை இருந்தன. பாய் அதைத் தொடவில்லை. “இதை நான் சொல்வது முறையல்ல, அம்மா. உங்கள் சாமியாரைக் கேளுங்கள்” என்று மட்டும் சொன்னார்.

சவூதி அரேபியாவில் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றுகூட இல்லை. பிற சமயத்தார் வெளிப்படையாகக் கூடி வழிபட அனுமதி இல்லை. அண்மைக் காலத்தில் அந்நாடு பலவகையில் மாறியிருப்பது உண்மை. சமயக் காவலரின் கைது செய்யும் அதிகாரம் 2016இல் நீக்கப்பட்டது. 2018இல் பெண்கள் வாகனம் ஓட்ட உரிமை பெற்றனர். திரையரங்குகளும் அவ்வாண்டே திறந்தன. ஆலயம் மட்டும் வரவில்லை. தனியறையில் செபிப்பதையும் சொந்த உபயோகத்துக்கான சமயப் பொருளையும் தடுப்பதில்லை என்று அரசு கூறினாலும், வாயிலில் நிற்கும் அதிகாரி அவ்வாறே நடப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. அண்டை நாடுகளின் நிலை வேறு. பஹ்ரைனில் திரு இருதய ஆலயம் 1939ஆம் ஆண்டிலேயே எழத் தொடங்கியது; அரசர் அளித்த நிலத்தில் கட்டிய அரேபிய அன்னை பேராலயம் 2021 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. மறு ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே சென்றார். சவூதியின் கிழக்குக் கரையிலிருந்து பஹ்ரைனுக்குக் கடல்மேல் 25 கிலோமீட்டர் பாலம் உண்டு. ஆனால் ரியாத்திலிருந்து அப்பாலத்துக்கே நானூறு கிலோமீட்டர் போகவேண்டும். மாதச் சம்பளக்காரனுக்கு அது எட்டாத தொலைவு.

பங்குத் தந்தையிடம் போனோம். ஞாயிறு அங்கே வேலைநாள், குருவும் இல்லை, அப்படியானால் ஞாயிறு கடன் என்னாகும் என்று ஆயா கேட்டார். குரு இல்லாதவிடத்தோ வேறு தக்க காரணம் உள்ளவிடத்தோ எவரும் இயலாததற்குக் கட்டுப்பட்டவரல்லர் என்றும், அந்நேரத்தைத் தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் செலவிடும்படி 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே பரிந்துரைக்கிறது என்றும் தந்தை விளக்கினார். பிறகு சப்பான் நாட்டுக் கதையைச் சொன்னார். 1614இல் அங்கே திருமறை தடை செய்யப்பட்டது. குருக்கள் இல்லை, ஆலயம் இல்லை. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்து, 1865 மார்ச் 17 அன்று நாகசாகியில் புதிதாய்க் கட்டிய ஆலயத்தில் பெத்திழான் என்னும் பிரெஞ்சுக் குருவை அணுகிய எளிய மக்கள், தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்றனராம். மாதா சுரூபம் எங்கே என்று வினவினராம். பெற்றோர் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்த செபமும் ஞானஸ்நானமும் அவர்களைக் காத்திருந்தன. சேத்துப்பட்டில் உழைத்த தாராஸ் சுவாமியாரும் பெத்திழான் சுவாமியாரும் ஒரே பாரீஸ் வேதபோதக சபையினர் என்று தந்தை சொன்னபோது ஆயாவின் முகம் மலர்ந்தது. சப்பான் அவருக்கு அடுத்த தெருவாகிவிட்டது.

வீடு திரும்பியதும் ஆயா சுரூபங்களை மாடத்தில் வைத்தார். தீர்த்தத்தைத் தம்பியின் நெற்றியில் பூசினார். “கையில் இல்லாவிட்டால் வாயில் இருக்கட்டும். கிருபைதயாபத்து மந்திரத்தைச் சொல், கேட்கிறேன்” என்றார்.

தம்பி பாதியில் நின்றுவிட்டான். அவனைத் திருத்த முனைந்த நாங்களும் இரண்டு வரி தள்ளி நின்றுவிட்டோம். பீடத்தின் முன்னே கூட்டத்தோடு கூட்டமாய்ச் சொல்லும்போது தங்குதடையின்றி வந்த செபம், தனியே கேட்டதும் வரவில்லை. எங்களுக்கு அன்று வந்த வெட்கத்தை எழுத்தில் வடிக்க இயலாது. பெட்டியை நிரப்ப ஒரு மாதம் அலைந்தவர்கள், பிள்ளையின் நெஞ்சில் எவ்வளவு இருக்கிறதென்று ஒருநாளும் பார்க்கவில்லை.

மிஞ்சியிருந்த பன்னிரண்டு இரவுகளும் பாடம் நடந்தது. ஆயாவின் கணக்கில் தேவ இரகசியங்கள் பதினைந்துதான். 2002இல் இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்ததைத் தம்பி சொன்னபோது, “பதினைந்தை முதலில் ஒழுங்காகச் சொல், பிறகு பார்க்கலாம்” என்று அவர் முடித்துவிட்டார். மணி இல்லாமல் விரல் மடக்கிப் பத்து எண்ணப் பழகினான். ஒருநாள் பாய் திண்ணையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தம்மாமில் தம் அறையில் மலையாளிகள் இருவரும் பிலிப்பைன்சுக்காரர் ஒருவரும் இருந்தனர் என்றும், வெள்ளிக்கிழமை இரவு அவர்கள் மெல்லிய குரலில் இவ்வாறே செபிப்பர் என்றும், அப்போது தாம் வானொலியை நிறுத்திவிடுவது வழக்கம் என்றும் சொன்னார்.

இதனால் அந்நாட்டாரைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. அண்ணாமலையார் கோயிலுக்கு வருகிற வெளிநாட்டாரும் செருப்பை வாயிலில் கழற்றி, தக்க உடை உடுத்தித்தானே நுழைகின்றனர்? எனினும் இவ்வூரில் எங்கள் ஆலயமணி ஒலிக்கிறது, பாயின் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. அங்கே எங்கள் மணி ஒலிக்காது. அந்த வேறுபாட்டையும் மறைத்துப் பேச மனமில்லை.

புறப்படும் நாள் பௌர்ணமியில் அமைந்துவிட்டது. கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், விசா ஆகியவற்றின் படிகளை ஒரு கட்டு வீட்டிலும் ஒரு கட்டு அவனிடமுமாக வைத்தோம். கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது அந்நாட்டுச் சட்டத்துக்கே முரணானது என்பதை மறவாதிருக்கச் சொன்னோம். மளிகைக் கடைத் தராசில் பெட்டி 29 கிலோ காட்டியது, அனுமதி 30. செங்கம் சாலை முழுவதும் கிரிவலக் கூட்டம். பேருந்துகளை ஊருக்கு வெளியே திண்டிவனம் சாலையில் நிறுத்தியிருந்தார்கள். ஆட்டோ கிடைக்கவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தைத் தம்பியும் மறுபக்கத்தைப் பாயும் பிடித்துக்கொள்ள, மலையை வலம்வரும் மக்கள் வெள்ளத்துக்கு எதிராக நாங்கள் நடந்தோம். திருநீறு பூசிய முதியவர் ஒருவர், பாய்க்கு மூச்சு வாங்குவதைக் கண்டு, தாம் வந்த வழியே திரும்பிச் சிறிது தூரம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னோம். “நல்லபடியாகப் போய் வா, தம்பி” என்று கூறிவிட்டு மறுபடி கூட்டத்தில் கலந்தார்.

பேருந்து நகர்ந்தது. தம்பி சன்னலோரம் அமர்ந்து கையசைத்தான். மற்றக் கையின் விரல்கள் மடங்கியிருந்ததை ஆயாதான் முதலில் கண்டார்.